தண்ணி வேணாம்டா, நாக்கு நனையணும்

நேற்று சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் ஒருவர் வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. மறுநாள் காலையில் மனு கொடுக்கப் போகிறவர்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரி ஃபைலோடு வருகிறவர்கள். இவர் இரண்டாம் வகை. ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை, ஆதார் எல்லாம் மூன்று மூன்று காப்பி. கண்ணாடியில் வைக்கிற காகிதத்தைப் படிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை, ஆனாலும் கண் போய்விடும். அந்த சம்மரியில் இருந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம்.

"அப்பாவா?" என்றேன்.

"ஆமாண்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. வலிகூட மாத்திரையில அடங்கிடுது. இந்தத் தண்ணிதான் முடியல. தண்ணி தண்ணின்னு கேக்குறாரு, கொண்டுபோய்க் குடுத்தா ரெண்டு மடக்கு, அப்புறம் வேணாம்ங்கிறாரு. அஞ்சு நிமிஷம் ஆனா மறுபடியும் தண்ணி."

மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் பேசினேன், சரியாக விழாத காப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தேன். அவர் போன பிறகு யோசித்தால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. 2023 சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் அப்பாவின் காய்ந்துபோன வாயை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தவன், அவ்வளவுதான்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். 31 வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் கடலூர்-பாண்டி வழித்தடம். அந்தக் காலத்து டிக்கெட் கட்டை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், கட்டைவிரல் நுனியை நாக்கில் தொட்டு, ஒரு இழுப்பு, டர்ரென்று டிக்கெட் கையில் வந்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது அந்த விரல் நாக்குக்குப் போயிருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை, பேப்பர் பக்கம் திருப்ப, ரூபாய் எண்ண, எல்லாவற்றுக்கும் எச்சில்தான். அம்மா இருந்தவரைக்கும் அதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாள். புகையிலைப் பழக்கமும் இருந்தது, அதுதான் வினையாகவும் முடிந்தது. கன்னத்தின் உள்பக்கம் புண், பிறகு கழுத்தில் கட்டி, புற்றுநோய். ஆபரேஷன், அப்புறம் பாண்டிக்குப் போய்ப் போய் 33 முறை கதிர்வீச்சு. இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார், நுரையீரலில் மறுபடி வந்தது. இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்திரை மாதம், கத்திரி வெயில் தொடங்குகிற சமயம். ஒரு நாள் காலையில் மளிகைக் கடன் கொடுப்பதற்காக ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணினார். விரலை நாக்கில் தொட்டார், நோட்டைத் தள்ளினார், வரவில்லை. மறுபடி தொட்டார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரமே இல்லை. நோட்டுக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயே எண்ணிக்குடு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார், சோறு அட்டை மாதிரி இருக்கிறது, எதிலும் உப்பு இல்லை என்று. என் மனைவி ஒவ்வொரு நாளும் உப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். நாக்கில் பட்ட சாப்பாடு எச்சிலில் கரைந்தால்தான் ருசி தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நாங்கள் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

முதல் தப்பு, தண்ணீர். தலைமாட்டில் ஒரு சொம்பு, கால்மாட்டில் ஒரு பாட்டில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் "நல்லா தண்ணி குடிங்க". பண்ருட்டியிலிருந்து அக்கா வந்தாள் என்றால் கையோடு இளநீரும் நுங்கும், அப்பாவைப் படுத்த மேனிக்கே வைத்து டம்ளரை வாயில் சாய்ப்பாள், அவர் புரையேறி அரை மணி நேரம் இருமுவார். தண்ணீர் குடித்தால் வயிறு நிறைகிறது, ராத்திரி நாலு தரம் எழுந்து மூத்திரம் போகவேண்டியிருக்கிறது, வாய் மட்டும் ஐந்தே நிமிஷத்தில் பழையபடி காய்ந்துவிடுகிறது. ஒரு ராத்திரி மூன்றாவது தடவையாகச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனபோது எரிச்சலில் அப்பா சொன்னதுதான் தலைப்பில் இருப்பது: "தண்ணி வேணாம்டா, நாக்கு நனையணும்." அப்போது எனக்கு அது புரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

இரண்டாவது தப்பு கிளிசரின். எலுமிச்சைச் சாறைக் கிளிசரினில் கலந்து பஞ்சில் தொட்டு நாக்கில் தடவு, வழவழவென்று இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். தடவின நிமிஷம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கிளிசரின் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாகக் காய்ந்தது. எலுமிச்சையோ, கதிர்வீச்சில் வெந்து தோல் மெலிந்த வாயில் நெருப்பு மாதிரி எரிந்திருக்கிறது. பாவம், இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்து சொன்னார், மகன் ஆசையாகத் தடவுகிறான் என்று பேசாமல் இருந்திருக்கிறார். மவுத் வாஷ் வாங்கிக் கொடுத்ததும் அதே கதைதான், ஆல்கஹால் கலந்தது, அதுவும் காயவைக்கும்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துடும், தாகமும் அடங்கிடும்" என்று மூன்று வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்து சொன்னதில், பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அவர்களும் மறு பேச்சில்லாமல் இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் இரண்டு காலும் தூண் மாதிரி வீங்கி, நெஞ்சில் களகளவென்று சத்தம். நாக்கு? அதே அட்டை. உள்ளே இரண்டு பாட்டில் போயும் நாக்கில் ஒரு சொட்டு ஏறவில்லை. பிற்பாடு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம், கடைசிக் காலப் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினமும் ஒரு லிட்டர் சலைன், மறுபாதிக்குப் பேருக்கு 100 மில்லி என்று ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2013இல் வெளியானது. அறிகுறிகளிலும் சரி, எத்தனை நாள் இருந்தார்கள் என்பதிலும் சரி, சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. பேதியாகி வற்றிப்போனவருக்கு ட்ரிப்ஸ் உயிரைக் காப்பாற்றும், அது வேறு கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்கு அது இல்லை.

அந்த வீங்கின காலோடு இருந்த வாரத்தில்தான் நர்ஸ் வந்தார். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இருக்கிறதே, சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸும், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கிற நர்ஸும், அதிலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். (முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பாண்டி எல்லையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது, அங்கே அவர்களுடைய ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும்.)

நர்ஸ் வந்ததும் பிரஷர் பார்க்கவில்லை, டார்ச்சை எடுத்தார். "தாத்தா, ஆ காட்டுங்க." நாங்கள் அத்தனை பேரும் ஒரு மாதமாக அந்த வாய்க்குள் என்னென்னவோ ஊற்றியிருக்கிறோம், ஒருத்தராவது உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். நாக்கு வெயிலில் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அண்ணத்திலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "இது பால் கறை இல்லண்ணா, காளான் தொற்று. எச்சில் இருந்தா அது கழுவி விட்டுடும். எச்சில் இல்லாததால வளருது. இது இருக்கறவரைக்கும் என்ன குடுத்தாலும் எரியும்."

அப்புறம் அப்பாவிடம், "நீங்க போன ரூட்டுல ஸ்டாப்பிங் எல்லாம் சொல்லுங்க தாத்தா" என்றார். அப்பாவுக்கு உற்சாகம். பாண்டியிலிருந்து ஆரம்பித்தார். "அரியாங்குப்பம்..." அடுத்தது தவளக்குப்பம். 'தவ' வரை வந்தது. 'ள' சொல்ல நாக்கு மேலே மடியவேண்டுமே, மடிந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு 'டக்' என்று ஒரு சத்தம், வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் 'டக்'. நர்ஸ் சிரிக்காமல், பையிலிருந்து சின்ன ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து, நாக்கின் மேல் இரண்டு, இரண்டு கன்னத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் நாலே பீச்சு. ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட இருக்காது. "இப்பச் சொல்லுங்க." தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், ரெட்டிச்சாவடி, ஆல்பேட்டை என்று கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து நிறுத்தினார். நாக்கு நனைவது என்றால் என்ன என்பது எனக்கு அப்போது புரிந்தது.

எச்சில் என்பது வெறும் தண்ணீர் இல்லை என்றார் அந்தப் பெண். சாதாரணமாக நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. 99 சதவீதம் தண்ணீர்தான் என்றாலும், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் வழவழப்புக்கான பொருள் இருக்கிறது, கிருமியை அடக்குகிற பொருளும் இருக்கிறது. வழவழப்பு இருப்பதால்தான் எச்சில் வாயில் தங்குகிறது, வெறும் தண்ணீர் சறுக்கி வயிற்றுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் சொம்பு சொம்பாகக் குடித்தும் ஐந்து நிமிஷத்தில் பழைய கதை.

அப்பாவுக்கு ஏன் காய்ந்தது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. கதிர்வீச்சு கழுத்தில் பட்டபோது காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் இருக்கிற எச்சில் சுரப்பிகளையும் சேர்த்து வாட்டிவிட்டது, அது முழுசாகத் திரும்பாது. அதன் மேல் வலிக்கு மார்ஃபின், அதுவும் காயவைக்கும். நரம்பு வலிக்கு என்று ராத்திரி ஒரு அமிட்ரிப்டிலின், அது இன்னும் காயவைக்கும். அரிப்புக்கு யாரோ எழுதிக் கொடுத்து நிறுத்தாமலே போட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரை, சளி மாத்திரை வகையைச் சேர்ந்தது, அதுவும் அதே வேலைதான் செய்யும். போதாக்குறைக்கு மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவது. நர்ஸ் மாத்திரைப் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். அரிப்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று, அமிட்ரிப்டிலினின் அளவைக் குறைத்தார்கள். அக்கா உடனே, "அப்ப அந்த மார்ஃபினையும் நிறுத்திடுங்க, அதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள். "அதைத் தொடக்கூடாதுக்கா. நிறுத்தினா வலி திரும்ப வந்துடும். வாய்க்கு நாம வேற வழி பண்ணிக்கலாம்" என்றார் நர்ஸ். இதைப் படிக்கிற யாராவது வாய் காய்கிறது என்று தானாக வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எச்சிலைச் சுரக்கவைக்கவே பைலோகார்பின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கேள்விப்பட்டதும் நான் துள்ளினேன். ஆனால் ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, அப்பாவுக்கோ நெஞ்சில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது (ரிட்டயர் ஆகியும் விசிலை விடவில்லை என்பார்). அதனால் அது இல்லை. செயற்கை எச்சில் என்று மருந்துக் கடையில் கிடைப்பதை வாங்கினோம், அதில் இருப்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், கண் காய்ந்தால் விடுகிற சொட்டு மருந்திலும் அதே சாமான்தான். பரவாயில்லை, சாப்பாட்டுக்கு முன்னாலும் தூங்கப் போகும்போதும் உதவியது. ஆனால் விலைக்கு ஏற்ற சுகம் இல்லை என்பது என் கருத்து. அப்பா, "கோந்தைக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

உண்மையில் வேலை செய்தது எல்லாமே சமையலறைச் சாமான். காய்ச்சி ஆறின அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, தினமும் காலையில் புதுசாகக் கலக்க வேண்டும், நேற்றையதைக் கொட்டிவிட வேண்டும். அதில் பழைய வேட்டித் துணியைச் சின்னச் சதுரமாகக் கிழித்து நனைத்து, நன்றாகப் பிழிந்து, சுண்டுவிரலில் சுற்றி, முதலில் உதட்டின் உள்பக்கம், பிறகு ஈறு, கன்னம், அண்ணம், கடைசியில் நாக்கு. தேய்க்கக்கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு துணி ஒரு தடவைக்குத்தான். குழந்தைகளுக்கான மெத்து பிரஷ் ஒன்று, இருக்கிற நாலு பல்லுக்கும் நாக்குக்கும். காளானுக்கு க்ளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் எழுதிக் கொடுத்தார்கள், சுத்தம் செய்த பிறகு தடவி, அரை மணி நேரம் எதுவும் கொடுக்காமல் விட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, பகலில் என் மனைவி, சாயங்காலம் பத்தாவது படிக்கிற பையன், ராத்திரி நான் என்று டிக் அடித்தோம். அப்பா அதை 'ட்ரிப் ஷீட்' என்பார். டிக் விட்டுப்போனால் அவரே கேட்பார், "அஞ்சு மணி ட்ரிப் என்னாச்சு?"

ஸ்ப்ரே பாட்டில் பற்றிச் சொல்லவேண்டும். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அதில் சின்னது, ஃபேன்சி ஸ்டோரில் முப்பது ரூபாய். கொதிநீரில் கழுவி, குடிக்கிற தண்ணீர் ஊற்றி, அப்பா கைக்கு எட்டுகிற மாதிரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்தோம். இதில் மருந்தைவிடப் பெரிய லாபம், ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு "தண்ணி" என்று கேட்கவேண்டியதில்லை. தன் கையாலேயே அடித்துக்கொள்வார். பேரன் பக்கத்தில் வந்தால் அவன் மூஞ்சியிலும் அடிப்பார்.

காளான் ஆறினதும் நர்ஸ் ஐஸ் கொடுக்கலாம் என்றார், சின்னத் துண்டாக, நாக்கில் வைத்துக் கரையவிடுகிற மாதிரி. "வெறும் ஐஸ் எதுக்கு, தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்?" அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவா வேண்டும், டீ. பஸ் ஸ்டாண்டில் ட்ரிப்புக்கு ஒரு டீ குடித்தவர், சூடு பட்டால் வாய் எரிகிறது என்று இரண்டு மாதமாக டீயே இல்லாமல் இருந்தார். "அப்ப டீயை ஐஸ் பண்ணுங்க." இஞ்சி இல்லாமல், கொஞ்சம் ஸ்ட்ராங்காக, சர்க்கரை குறைத்து டீ போட்டு ஆறவைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றினோம். ஒரு கட்டி முழுசாக வாய்க்குப் பெரிசு, அதனால் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் ஒரு தட்டு. முதல் சில்லை நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வாயை மெல்ல அசைத்தார். கன்னம் ஒட்டிப்போய் இருந்ததால் அந்தச் சில் உள்ளே எந்தப் பக்கம் போகிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது, இடது, வலது, மறுபடி இடது. கரைந்து முடிந்ததும், "டிகாஷன் பத்தல" என்றார். குறை சொல்கிற அளவுக்கு ருசி தெரிகிறதே என்று என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ட்ரேயில் தூளை இரட்டிப்பாகப் போட்டாள். அக்காவின் நுங்கும் அப்படித்தான் பிரயோஜனப்பட்டது, மசித்து உறையவைத்து ஒரு ஸ்பூன். நுங்கைக் குற்றம் சொல்லவில்லை, டம்ளரைத்தான் சொன்னேன்.

அன்னாசித் துண்டு சப்பினால் நாக்கில் படிந்த கெட்டிச் சளி இளகும், அதில் இருக்கிற ஒரு என்சைம் அந்த வேலையைச் செய்யும் என்பார்கள். நெல்லிக்காயும் எச்சில் ஊறவைக்கும். வாயில் புண் இல்லாதவர்களுக்கு, சுரப்பி கொஞ்சமாவது மிச்சம் இருப்பவர்களுக்கு இரண்டும் நல்ல வழி, சர்க்கரை இல்லாத சூயிங் கம்மும் அப்படித்தான். அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு எல்லாம் குழைவாக, மேலே ரசமோ மோரோ ஊற்றி. காய்ந்த இட்லி, முறுக்கு, பிஸ்கட் கிட்டவே வரக்கூடாது.

அப்பாவோடு இருபது வருஷம் ஓட்டிய டிரைவர் ஒருத்தர் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பாண்டிக்குப் போயி ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கியாந்து பஞ்சுல தொட்டு நாக்குல வையி, யோகமா இருக்கும் கண்டக்டருக்கு" என்றார். நான் அதை நர்ஸிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னேன். சிரித்துவிட்டு, சாராயம் வாயை இன்னும் காயவைக்கும், தினசரிக்கு வேண்டாம், ஆனால் கடைசி நாள்களில் அவர் ஆசைப்பட்டால் துணியில் ஒரு துளி தொட்டு ருசி காட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றார். ஆசைப்பட்டாரா, கொடுத்தோமா என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

ஆனி பிறந்தபோது மூச்சுத் திணறல் கூடி ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். மூக்கில் ஓடுகிற அந்தக் காற்று மூக்கையும் வாயையும் வறட்டிவிடும், மெஷினோடு இருக்கிற ஈரப்பத பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் உதட்டுக்கு வாஸலின், சில நேரம் அக்காவின் வெண்ணெய் என்று தடவிக்கொண்டிருந்தோம். ஆக்சிஜன் வந்ததும் அதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார் நர்ஸ், எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து. தண்ணீரில் கரைகிற ஜெல் ஒன்று வாங்கித் தடவினோம்.

கடைசி நாலு நாள் அப்பா பெரும்பாலும் மயக்கத்தில்தான். விழுங்கத் தெரியவில்லை. ஐஸ், ஸ்ப்ரே எல்லாம் நின்றது. தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து, பிழிந்த துணியால் மட்டும் ஒற்றுவது, அரை மணிக்கு ஒருதரம். விரலைக் கடித்துவிடுவார்கள், அது வேண்டுமென்று கடிப்பதில்லை, வாயில் எது பட்டாலும் பல் சேர்ந்துவிடும். அதனால் விரல் பல்லுக்கு நடுவில் போகாமல் கன்னத்தின் ஓரமாக. மருந்துக் கடையில் விற்கிற பஞ்சுக் குச்சியைக் கடித்தால் பஞ்சு கழன்று தொண்டைக்குள் போய்விடலாம், எங்களுக்குத் துணிதான் வசதி. தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது அதைக் குறைக்க ஒரு ஊசி போட்டார்கள், அந்த ஊசியும் வாயைக் காயவைக்கிற வகைதான். போடுவதற்கு முன்பே நர்ஸ் சொல்லிவிட்டார், "இனி துணி வேலை ரெட்டிப்புண்ணா."

"தண்ணிகூடக் குடுக்காமப் போட்டு வெச்சிருக்கியே" என்று வாசலில் நின்று பெரியத்தை கேட்டார். அந்த வார்த்தை குத்தியது, குத்தவில்லை என்று சொன்னால் பொய். இழுத்துக்கொண்டிருக்கிறதே, ஒரு காசைக் கழுவி அந்தத் தண்ணீரை ஊற்று, கண்டக்டருக்குச் சில்லறை ஆசை இருக்காதா என்றும் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பால் ஊற்ற வேண்டும் என்றாள். கரண்டியில் பாலோடு வந்துவிட்டாள், கை நடுங்கிற்று. ஊற்றினால் நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும் என்று சொன்னால் அவள் கேட்கிற நிலையில் இல்லை, கேட்கவேண்டிய நேரமும் இல்லை. கரண்டியை வாங்கிக் கிண்ணத்தில் கவிழ்த்து, ஒரு புதுத் துணியை அதில் தொட்டுப் பிழிந்து அவள் விரலிலேயே சுற்றிவிட்டேன். "நீயே வைக்கா." உதட்டில் வைத்தாள், நாக்கு நுனி வெளியே வந்து துணியைத் தொட்டு உள்ளே போனது. "குடிச்சாருடா" என்றாள். பெரியத்தை, பையன், என் மனைவி என்று ஒவ்வொருத்தராக வந்து, ஆளுக்கொரு துணி.

இவ்வளவும் நேற்று அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. ட்ரிப் ஷீட், ஆப்ப சோடா, ஸ்ப்ரே, டீ ஐஸ், ட்ரிப்ஸ் வேண்டாம், டார்ச் அடித்து உள்ளே பார், நர்ஸுக்குப் பெயர் கொடு என்பது வரை எழுதிக் கொடுத்தேன். கடை சாத்திவிட்டு சைக்கிளில் ஏறும்போதுதான் நினைவு வந்தது, பல்செட்டைச் சொல்லவே இல்லை. அப்பாவுக்கு மேல் வரிசை பல்செட் உண்டு. வாயில் ஈரம் இருந்தால்தான் அது ஒட்டி நிற்கும், காய்ந்த வாயில் ஆடி ஆடி ஈறைப் புண்ணாக்கும். எங்களுக்குக் காளான் ஆறி, ஆறி, மூன்று தடவை திரும்ப வந்தது. மூன்றாவது தடவைதான் நர்ஸ், "பல்செட் எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். ராத்திரியும் வாயிலேயேதான் இருந்தது. காளான் அதில் குடியிருந்திருக்கிறது, வாய்க்கு மருந்து தடவினால் அங்கேயிருந்து இறங்கி வந்துவிடும். ராத்திரி கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மூடி போட்ட டப்பாவில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அதைச் செய்த பிறகு நாலாவது தடவை வரவில்லை.

அந்தத் தம்பியின் போன் நம்பர் என்னிடம் இல்லை. ஆனால் இன்று காலையில் கடையைத் திறந்து மெஷின் மூடியைத் தூக்கினால், கண்ணாடியில் அவர் அப்பாவின் ஒரிஜினல் ஆதார் கிடக்கிறது. எப்படியும் தேடிக்கொண்டு வருவார். வந்ததும் பல்செட்டைச் சொல்லிவிட்டுத்தான் கார்டைக் கொடுக்க வேண்டும்.